கைவினையும் கைம்மாறும்

கையால் செய்த பொருளொன்றை வீட்டுக்குள் கொண்டுவரும்போது, அதைச் செய்தவருடைய வாழ்நாளில் ஒரு பகுதியையும் நாம் உடன் கொண்டுவருகிறோம். ஞெகிழிப் பெட்டி நொடிப்பொழுதில் அச்சிலிருந்து விழுகிறது. ஓலைப் பெட்டியோ ஒருவருடைய காலையையும் மாலையையும் தன்னுள் முடைந்து வைத்திருக்கிறது. கைவினைப் பொருளின் அழகென்று நாம் போற்றுவது பெரும்பாலும் இந்தக் காலத்தின் அழகே எனலாம்.

பள்ளி விடுமுறையில் நம் தமக்கையாரின் குடும்பத்தோடு ஓரிரு நாள் பயணம் செல்வது நமக்குப் பல்லாண்டு வழக்கம். பங்குப் பணியில் இருப்பவருக்கு உடன்பிறந்தோர் குடும்பம்தானே சொந்தக் குடும்பம்! மலை வாழிடங்களும் கேளிக்கைப் பூங்காக்களும் பிள்ளைகளை ஈர்க்கத்தான் செய்கின்றன. ஆயினும் சில ஆண்டுகளாக, நாம் அன்றாடம் கையாளும் பொருள்கள் பிறக்கும் ஊர்களையும் நம் பயணத்தில் சேர்த்துக்கொண்டோம்.

அப்படித்தான் ஒருமுறை, சேரன்மாதேவிக்கு அருகிலுள்ள பத்தமடையில் பாய் நெசவைக் கண்டோம். கோரையை அறுத்து, உலர்த்தி, நீரில் ஊறவைத்து, இழை இழையாகக் கிழித்து, பருத்தி நூலைப் பாவாக இட்டு நெய்கிறார்கள். இழை நுண்மையாக ஆக, நெய்யும் நாள்களும் கூடுகின்றன. மிக மெல்லிய பாயைத் துணிபோல மடித்துவிடலாம். விலை குறைந்த பாயையும் நுண்ணிய பாயையும் மாறி மாறித் தடவிப் பார்த்த பிள்ளைகளுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

இன்னொரு முறை தூத்துக்குடி. அவ்வூர் மக்ரூனை அறியாதார் யார்? ஐரோப்பாவில் வாதுமைப் பருப்பால் செய்யப்பட்ட தின்பண்டம் அது. இக்கடற்கரையில் வாதுமையின் இடத்தை முந்திரி எடுத்துக்கொண்டது. அந்த முந்திரியும் 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் பிரேசிலிலிருந்து நம் நாட்டுக்குக் கொண்டுவந்ததே. கடல்கடந்து வந்தது, கைபழகி நம்முடையதாயிற்று. முட்டையின் வெண்கருவை நுரைக்க நுரைக்க அடித்து, சீனியும் முந்திரித் தூளும் சேர்த்து, கூம்புகளாக இட்டு, இளஞ்சூட்டில் நெடுநேரம் விட்டுவைக்க வேண்டும்.

ஊர் திரும்பியதும் அதை வீட்டிலேயே செய்து பார்க்கப் பிள்ளைகள் துணிந்தார்கள். முதல் தட்டில் கூம்புகளெல்லாம் அப்பளமாய்ப் படிந்துவிட்டன. சிரித்துக்கொண்டே அவற்றையும் தின்று தீர்த்தார்கள். பின்பு முறைவைத்து, கை ஓயும்வரை வெண்கருவை அடித்தார்கள். நம் தாயார், வீட்டில் பேக்கரி அடுப்பில்லாத அக்காலத்தில், சட்டியில் மணல் பரப்பி, மூடியின்மேல் தணலிட்டுக் கிறிஸ்துமஸ் கேக் சுட்ட கதையைத் தமக்கையார் சொன்னது அப்போதுதான். கைகள் ஒரு வேலையில் இருக்கும்போது நாவும் செவியும் தாமே திறந்துகொள்கின்றன! எல்லாரும் ஓரறையில் இருந்தும் ஆளுக்கொரு திரையில் மூழ்கிக் கிடக்கும் இந்நாளில், ஒரே பாத்திரத்தைச் சுற்றி ஒரு குடும்பம் கூடி நிற்பது சிறிய பேறா?

இவ்வளவும் மகிழ்ச்சி. ஆனால் இம்மகிழ்ச்சிக்கு ஒரு மறுபக்கமும் உண்டென்பதை மணப்பாட்டில் உணர்ந்தோம்.

கடலைப் பார்த்த மணற்குன்றின்மேல் 1581-இல் எழுந்த திருச்சிலுவை ஆலயம் அவ்வூரின் பெருமை. பனையோலைப் பின்னல் அவ்வூர்ப் பெண்களின் திறமை. குருத்தோலையைக் காயவைத்து, ஈர்க்கு நீக்கி, ஒரே அகலத்தில் கிழித்து, கொதிக்கும் சாயத்தில் தோய்த்து, ஈரப்பதம் போகுமுன் முடைகிறார்கள். ஈரம் போனால் ஓலை ஒடிந்துவிடும். மூடியுள்ள அழகிய பெட்டியொன்றுக்கு ஒரு தாயார் 250 ரூபாய் சொன்னார். நம் மருமகன் 200-க்குக் கேட்டார். அருகில் நின்ற பேத்தி, “இதைச் செய்ய எவ்வளவு நேரமாகும், பாட்டி?” என்றாள். “ஒன்றரை நாள் ஆகும், தாயி” என்று பதில் வந்தது. மருமகன் மறுபேச்சின்றி 250-ஐ எடுத்துக் கொடுத்தார்.

உங்கள் மகளுக்கும் இதைக் கற்றுக்கொடுத்தீர்களா என்று நாம் வினவினோம். “அவ நர்சு வேலைக்குப் போயிட்டா, சாமி. இந்தக் கஷ்டம் என்னோட போகட்டும்” என்றார். அவர் குரலில் வருத்தமில்லை, நிறைவே இருந்தது.

அந்த நிறைவுதான் நம்மைச் சிந்திக்க வைத்தது. கைவினைகள் அழிகின்றனவே என்று நாம் ஏங்குகிறோம். நம் வீட்டு அலமாரி அழகுபெற வேண்டும் என்பதற்காக, இன்னொரு வீட்டு மகள் முதுகு வளைந்து அமர்ந்திருக்க வேண்டுமா? ஆலைப் பொருளுக்கு அச்சிட்ட விலையை அப்படியே செலுத்துகிறோம். கைப்பொருளிடம் மட்டும் பேரம் பேசுகிறோம். திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1981-இல் மனித உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடல், செய்யப்படும் பொருளைவிடச் செய்யும் மனிதரே மேலானவர் என்னும் உண்மையை வலியுறுத்துகிறது. பெட்டியைப் போற்றி, அதை முடைந்த கையை மறப்பது அவ்வுண்மையைத் தலைகீழாக்குவதாகும்.

ஆகவே வாசக அன்பர்களே, கைவினையில் இன்பம் காண்போர் முதலாவது அதற்குரிய கைம்மாற்றைக் குறைக்காமல் தர வேண்டும். அத்தொழிலால் ஒரு குடும்பம் தலைநிமிர்ந்து வாழ முடியுமானால், மகள் அதைத் தானே விரும்பித் தொடரவும் கூடும். தொடராவிட்டால், அவளை வாழ்த்தி வழியனுப்புவோம். இரண்டாவது, நம் கைகளும் எதையேனும் பழக வேண்டும். குருத்தோலை ஞாயிறன்று ஓலையை வாங்கிச் செல்லும் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அதைச் சிலுவையாக முடையத் தெரியும்? ஒருமுறை முடைந்து பார்த்த விரல்கள், பிறர் முடைந்ததற்கு விலை பேசத் தயங்கும். அந்தத் தயக்கம் நம் பிள்ளைகளுக்கு வருமானால், அவர்களோடு செய்த பயணங்கள் பயன் தந்தன என்று கொள்ளலாம்.