நாலு மணி வெயில்

ஏப்ரல் 17, வெள்ளி. ஹாயில், சவூதி அரேபியா.

விடிகாலையில் கிளம்புவதாகப் பேச்சு. வெள்ளிக்கிழமைத் தூக்கத்தை விட மனசில்லாமல் ஒன்பதரைக்குத்தான் வண்டி எடுத்தோம். வடமேற்கே சுமார் 100 கிலோமீட்டர். நஃபூத் பாலை மணலுக்கு நடுவே ஜுப்பா. ஆறு வருஷமாக ஹாயிலில் வேலை, இதுவரை எட்டிப் பார்த்ததில்லை.

ஜபல் உம் சின்மான் அடிவாரத்தில் வழிகாட்டிப் பெரியவர் வேலிக் கதவைத் திறந்துவிட்டார். பாறைச் செதுக்கல்களுக்காக 2015-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த மலை. ஆனால் உச்சி வெயிலில் பாறை பாறையாகத்தான் இருந்தது. அவர் விரலால் காற்றில் வரைந்து காட்ட, நாங்களும் தலையாட்டி வைத்தோம். "அண்ணே, உங்களுக்கு ஏதாச்சும் தெரியுதா?" என்றான் கூட வந்த பரமக்குடித் தம்பி. பெரியவர் சிரித்தார். நாலு மணிக்கு வாருங்கள் என்று சொல்லிவிட்டு ஜும்ஆவுக்குப் போய்விட்டார். வண்டி நிழலில் புளிச்சோறும் குட்டித் தூக்கமும்.

நாலு மணிக்கு வெயில் சாய்ந்திருந்தது. கொத்திய பள்ளங்களில் நிழல் இறங்கியதும் முதலில் ஒட்டகங்கள் வந்தன. பக்கத்தில் தமூதிக் என்ற பண்டைய எழுத்துகள். பாலைப் பாறை மேல் இரும்பும் மாங்கனீசும் கலந்த கறுப்புத் தோல் படிகிறது. கொத்தினால் உள்ளே இருக்கும் வெளிர் கல் தெரியும். ஆயிரக்கணக்கான வருஷத்தில் அந்தத் தழும்பும் கறுத்துப்போகும். கறுத்தது மூத்தது, வெளுத்தது இளையது. ஒட்டகங்கள் வெளுப்பு. அதே மலையில் இன்னொரு முகத்தில், பாறை நிறத்துக்கே போய்விட்ட ஒரு மாடு. நீண்ட கொம்பு, உடம்பெல்லாம் வரி வரியாகக் கோலம். செதுக்கியவனுக்குத் தன் மாட்டை ஆயிரத்தில் அடையாளம் தெரிந்திருக்கும்.

இந்த மணலில் மாடா? பெரியவர் கஹ்வாவை ஊற்றிக்கொண்டே கீழே கையைக் காட்டினார்: "ஹினா புஹைரா." இங்கே ஏரி. இருந்ததுதான், மழை பெய்த காலத்தில் இந்த மலையடியில் தண்ணீர் நின்றது என்பதற்கு ஏரிப் படிவுகள் இருக்கின்றன.

தம்பி வெகுநேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்ப அங்கனதான் மாட்டுக்குத் தண்ணி காட்டியிருப்பாய்ங்கண்ணே."

கயிற்றில் பிணைத்த வேட்டை நாய்களின் செதுக்கல்கள் ஷுவைமிஸில் இருக்கின்றன. அது வெகு தூரம். அடுத்த லீவுக்குப் பார்க்கலாம்.

படுக்குமுன் போனில் காலைப் படத்தையும் மாலைப் படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். இடம் தெரிந்து தேடியும், காலைப் படத்தில் ஒரு கொம்பு மட்டும்தான் அகப்பட்டது.