உருகுவதற்கென்றே ஒரு கம்பி

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமைக் காலையில், கையில் திருப்புளியும் குறடுமாக, எங்கள் பங்கு வேனின் டாஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன். அவ்வழியே வந்த உபதேசியார், "சாமி, என்ன தொலைந்துவிட்டது?" என்று பதறிக் கேட்டார். "ஒன்றும் தொலையவில்லை, வண்டிக்குப் புதிய பாட்டுப் பெட்டி பொருத்துகிறேன்" என்றேன். அவர் என்னையும் வேனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் நடந்துவிட்டார்.

அவருடைய மௌனத்துக்குக் காரணம் உண்டு. ஓசூரைச் சுற்றி வாழ்கிறவர்களுக்கு வண்டி என்பது அன்றாடத் தொழில். 1980ஆம் ஆண்டில் டி.வி.எஸ். மொபெட்டு புறப்பட்டது இந்த ஊரிலிருந்துதான். அசோக் லேலண்டு லாரிகளும் இங்கே உருவாகின்றன. என் பங்கு மக்களில் பாதிப் பேர் ஏதேனும் ஒரு தொழிற்சாலையில் ஏதேனும் ஒரு வண்டியின் ஏதேனும் ஓர் உறுப்பைச் செய்கிறவர்கள். அவர்கள் நடுவே, ஐம்பது வயதைக் கடந்தும் பஞ்சரான சக்கரத்தைத் தனியே மாற்றத் தெரியாதவன் நான் ஒருவன்தான்.

புதிய பெட்டி ஒரு குடும்பத்தாரின் அன்பளிப்பு. பெங்களூர் ஜே.சி. ரோட்டில் வாங்கி வந்தார்கள். கிளைக் கிராமங்களில் பூசை முடித்து இரவில் தனியே திரும்பும் என் கண்கள் அசந்துவிடாதிருக்க ஒரு குரல் துணை வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். பழைய பெட்டி ஊமையாகிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. நானே பொருத்துகிறேன் என்று நான் சொன்னதற்குச் சிக்கனம் பாதிக் காரணம். வீம்பு மீதிக் காரணம்.

நல்லவேளையாக, ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீசியன் படித்து, ஒரு தொழிற்சாலையில் இரவு ஷிப்டு பார்க்கும் தம்பி ஒருவன் உடன் இருக்க இசைந்தான். ஒரே ஒரு நிபந்தனை விதித்தான்: "வேலையை நீங்களே செய்யுங்கள், ஃபாதர். நான் நிறுத்தச் சொன்னால் மட்டும் நிறுத்திவிட வேண்டும்."

முதல் பாடம் பாட்டரியில் தொடங்கியது. எந்தக் கம்பியைத் தொடுவதற்கு முன்னும் பாட்டரியின் மைனஸ் முனையைக் கழற்ற வேண்டும். வண்டியின் இரும்பு உடல் முழுவதும் மைனஸோடு இணைந்திருக்கிறது. பிளஸ் முனையை முதலில் கழற்றப்போய் ஸ்பானர் உடலில் பட்டுவிட்டால் பொறி பறக்கும். ஆகவே கழற்றும்போது மைனஸ் முதலில். மாட்டும்போது மைனஸ் கடைசியில். "பன்னிரண்டு வோல்ட்டு தானே, என்ன செய்துவிடும்?" என்று கேட்டேன். "நம்மை ஒன்றும் செய்யாது, ஃபாதர். ஆனால் எஞ்சினைச் சுழற்றிவிடும்போது நூறு ஆம்பியருக்கு மேல் கொடுக்கிற பாட்டரி இது. அவ்வளவும் ஒரு மெல்லிய கம்பி வழியே ஓடினால் கம்பி பழுத்துவிடும்" என்றான்.

பழைய பெட்டியின் ஆணிகளைக் கழற்றி, அதை மெல்ல வெளியே இழுத்தேன். அதன் பின்னால் தொங்கிய கம்பிகளைக் கண்டதும் தம்பியின் முகம் மாறியது. மின்சாரம் வரும் மஞ்சள் கம்பியின் மேலுறை ஒரு சாண் நீளத்துக்கு உருகிக் கருகியிருந்தது. அதன் முனை அறுந்து, செம்பு வெளியே தெரிய, இரும்புச் சட்டத்திலிருந்து ஒரு விரற்கடை தூரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. அவன் அந்தக் கம்பியை வழிதொடர்ந்து சென்று, ஃப்யூஸ் இருக்கும் சிறு கூட்டைத் திறந்தான். உள்ளே இருந்த கண்ணாடிக் குழாயைச் சுற்றி வெள்ளித்தாள் சுற்றப்பட்டிருந்தது.

"எந்தப் பாவி செய்த வேலை இது?" என்றான் தம்பி.

அன்பு வாசகர்களே, அந்தப் பாவி நான்தான்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஞாயிறு மறைக்கல்விப் பிள்ளைகளை ஒகேனக்கல்லுக்கு அழைத்துச் சென்றோம். போகும் வழியில் பாட்டு நின்றுபோனது. ஃப்யூஸ் உருகியிருந்தது, கையில் மாற்று இல்லை. பிள்ளைகளின் முகம் வாடுவதைக் காணப் பொறாமல், ஒரு சிறுமி தின்ற சாக்லெட்டின் வெள்ளித்தாளைக் கேட்டு வாங்கி அதன்மேல் சுற்றினேன். பாட்டு மீண்டும் ஒலித்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்கும் பெருமைதான். நாளைக்கு மாற்றிவிடலாம் என்று எண்ணினேன். அந்த நாளை வரவேயில்லை. சில மாதங்களில் பெட்டி அடியோடு நின்றபோது, பழையதாகிவிட்டது, கெட்டுவிட்டது என்றே நினைத்தேன்.

உண்மையில் நடந்தது வேறு. மஞ்சள் கம்பி இரும்புச் சட்டத்தின் கூர்மையான விளிம்பில் உரசி உரசி மேலுறை தேய்ந்திருக்கிறது. அது உடலைத் தொட்டபோதெல்லாம் மின்சாரம் தறிகெட்டு ஓடியிருக்கிறது. அதைத் தடுக்கத்தான் அன்று ஃப்யூஸ் தன்னை உருக்கிக்கொண்டது. நான் அதன் வாயை வெள்ளித்தாளால் அடைத்துவிட்டேன். அதன்பின் ஃப்யூஸுக்குப் பதிலாகக் கம்பியே சுட்டு உருகியிருக்கிறது. கம்பி அறுந்ததால் தீ மூளவில்லை. என் முன்யோசனையால் அன்று. அந்த வேனில்தான் பிள்ளைகளையும் பிரசவத் தாய்மார்களையும் நோயாளிகளையும் நான்கு ஆண்டுகளாக ஏற்றிச் சென்றேன்.

பிறருடைய பாவசங்கீர்த்தனத்தைக் கேட்டுப் பழகிய நான், மகன் வயதுள்ள அவனிடம் நடந்ததைச் சொன்னேன். அவன் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "ஃப்யூஸ் போனால் அது பழுது இல்லை, ஃபாதர். எங்கேயோ பழுது இருக்கிறது என்கிற செய்தி" என்று மட்டும் சொன்னான்.

கார் வானொலியின் வரலாற்றிலேயே இப்படி ஒரு கதை வழங்குகிறது. அமெரிக்காவில் பால் கால்வின் என்பவர் 1930இல் கார் வானொலியைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். மோட்டோரோலா என்னும் பெயர் அவர் அதற்கு இட்டதே. கடன் கேட்கச் சென்ற இடத்தில் வங்கியாளரை மகிழ்விக்க அவருடைய காரிலேயே ஒரு வானொலியைப் பொருத்திக் கொடுத்தாராம், அரை மணி நேரத்தில் கார் தீப்பற்றிக்கொண்டதாம், கடனும் கிடைக்கவில்லையாம். சிரிப்பதற்கென்று சொல்லப்படும் கதை. எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை.

நிற்க. கருகிய கம்பியை முழுவதும் அகற்றிப் புதிய கம்பி இழுத்தோம். விளிம்பில் உரசும் இடத்தில் ரப்பர் குழாய் மாட்டினோம். பிறகு இணைப்பு வேலை தொடங்கியது. புதிய பெட்டியின் கம்பிகளுக்கு நிறமே மொழி. மஞ்சள் எப்போதும் மின்சாரம் பெறுவது. கடிகாரமும் நாம் பதிந்த நிலையங்களும் மறந்துபோகாமல் காப்பது. சிவப்பு, சாவி திருப்பும்போது மட்டும் உயிர் பெறுவது. இரண்டையும் ஒன்றாக முறுக்கிவிட்டால் பெட்டி இரவெல்லாம் விழித்திருந்து பாட்டரியைக் குடித்துவிடும். கறுப்பு, பெயிண்டு சுரண்டிய இரும்பில் இறுகப் பற்ற வேண்டியது. ஒலிபெருக்கிகளுக்கு வெள்ளை, சாம்பல், பச்சை, ஊதா என்று நான்கு ஜோடிகள். ஜோடியில் கறுப்புக் கோடு உள்ளது மைனஸ். பழைய பெட்டிகள் சிலவற்றில் ஒலிபெருக்கியின் மைனஸை வண்டி உடலிலேயே இணைத்துவிடுவார்களாம். இக்காலப் பெட்டியில் அப்படிச் செய்தால் பெட்டி பாழாகும். இரண்டு கம்பிகளும் தனித்தனியே பெட்டிக்குத் திரும்பியாக வேண்டும்.

மணி நான்கரை ஆயிற்று. ஆறு மணிக்கு ஒரு கிராமத்தில் பூசை. எஞ்சிய இணைப்புகளை ஈயப்பற்று வைக்காமல் கையால் முறுக்கி டேப்பு சுற்றிவிட்டேன். பாட்டரியை இணைத்துச் சாவியைத் திருப்பினேன். விளக்கு ஒருமுறை மின்னி அணைந்தது. பத்து ஆம்பியர் ஃப்யூஸ் போய்விட்டது.

பெட்டியோடு வந்த சிறு பையில் சிவப்பு நிறத்தில் பத்து ஆம்பியரும், நீல நிறத்தில் பதினைந்து ஆம்பியரும் இருந்தன. என் கை தானாக நீலத்தை நோக்கிப் போயிற்று. பெட்டியின் அட்டையில் நான்கு ஐம்பது வாட்டு என்று போட்டிருக்கிறதே, அதற்குப் பத்து போதாதுபோலும் என்று எனக்கு நானே நியாயமும் சொல்லிக்கொண்டேன்.

"நிறுத்துங்கள், ஃபாதர்" என்றான் தம்பி. நிபந்தனை நினைவுக்கு வந்தது, நிறுத்தினேன். "அட்டையில் போட்டிருப்பது ஒரு நொடி உச்சத்தின் கணக்கு. பன்னிரண்டைப் பத்தால் பெருக்குங்கள். நூற்றிருபது வாட்டு. இந்தச் சின்ன வேனுக்கு அதற்குமேல் தேவையில்லை. குறிப்பேட்டிலும் பத்துதான் போட்டிருக்கிறது. இன்று விட்டுவிடுவோம், நாளை வெளிச்சத்தில் பார்ப்போம்."

அன்று பாட்டில்லாமலே கிராமத்துக்குப் போய்வந்தேன். மறுநாள் பூசைகள் முடிந்தபின் பெட்டியை வெளியே எடுத்துப் பார்த்தோம். நான் அவசரத்தில் முறுக்கிய மஞ்சள் கம்பியின் இரண்டு மூன்று இழைகள் டேப்புக்கு வெளியே நீட்டிக்கொண்டு சட்டத்தைத் தொட்டுக்கொண்டிருந்தன. நீல ஃப்யூஸை மாட்டியிருந்தால் அதே தவற்றை இரண்டாம் முறை செய்தவனாவேன். இம்முறை அறியாமை என்றுகூடச் சொல்லிக்கொள்ள முடியாது. எல்லா இணைப்புகளையும் பிரித்து, ஒவ்வொன்றாக ஈயம் பற்றவைத்து, உறை மாட்டினோம். சிவப்பு ஃப்யூஸ் நின்றது. பெட்டி பாடியது.

அன்று மாலை கிருஷ்ணகிரிக்குச் சென்றேன். ஓசூரை விட்டுப் புறப்படும்போது பெங்களூர் ஆகாசவாணியின் 101.3 கன்னடத்தில் பேசிக்கொண்டு வந்தது. சூளகிரிக் குன்றுகளை நெருங்க நெருங்க அது மங்கி இரைந்தது. குமிழைத் திருப்பியபோது தர்மபுரி வானொலியின் தமிழ் கேட்டது. எல்லையூர்க்காரர்களுக்கு இது பழகிய காட்சி. ஆயினும் அன்று என் காது பாட்டில் முழுவதும் நிலைக்கவில்லை. அந்தப் பலகைக்குப் பின்னால், ஒருவர் கண்ணிலும் படாத இருட்டில், இருபத்திரண்டு இணைப்புகள் சரியாக இருக்கின்றன என்னும் நினைவே எனக்கு இனிமையாயிருந்தது.

வெள்ளித்தாள் சுற்றிய அந்தக் கண்ணாடிக் குழாயை என் மேசை அறையில் வைத்திருக்கிறேன். உங்கள் வண்டியிலோ வீட்டிலோ ஃப்யூஸ் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு தாளோ தடித்த கம்பியோ, "நாளைக்கு மாற்றலாம்" என்று விட்ட நிலையில் இருக்கிறதா? இவ்விதழைக் கீழே வைத்தவுடன் எழுந்து போய்ப் பாருங்கள். அளவறிந்து சரியான ஃப்யூஸை மாட்டுங்கள். அது மீண்டும் உருகினால் கோபப்படாதீர்கள். ஏன் உருகியது என்று தேடுங்கள். நமக்காக உருகுவதற்கென்றே வைக்கப்பட்ட கம்பி அது.