கணக்கு நோட்டு

திருவாசகத்தைப் பற்றி எழுத எனக்கு யாதொரு யோக்கியதையும் கிடையாது. நான் காமர்ஸ் படிக்கும் மாணவன். வரவு, பற்று, நிலுவை இவைதான் என் பாஷை. ஆனால் அந்த நூலிலுள்ள பாட்டு ஒன்று என் சொந்தக் கணக்கிலேயே கை வைத்துவிட்டபடியால், அதைச் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

எங்கள் ஊர் அடி அண்ணாமலை. திருவண்ணாமலை நகரம் மலைக்குக் கிழக்கே இருக்கிறது. நாங்கள் மலைக்குப் பின்புறம். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் பாதிக்கு மேல் நடந்து, கால் கெஞ்சத் தொடங்கும் சமயத்தில் எங்கள் ஊர் வரும். அங்கே என் தமையனாருக்கு டீக்கடை. அப்பா காலமானபோது அண்ணா பத்தாம் வகுப்பில் இருந்தார். புத்தகத்தை மூடிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தார். அந்த அடுப்புத்தான் என்னைக் காலேஜுக்கு அனுப்பியது.

அவர் கொடுத்த ஒவ்வொரு ரூபாயையும் ஒரு நோட்டில் குறித்து வந்தேன். காலேஜ் சம்பளம், ஹாஸ்டல் பணம், பஸ் சார்ஜ் உள்பட. உத்தியோகம் கிடைத்ததும் வட்டியோடு திருப்பிவிடுவதாகச் சங்கல்பம். இதை நன்றி என்றே நான் நினைத்திருந்தேன். வாஸ்தவத்தில், என் படிப்பு இன்னொருவர் போட்ட பிச்சை என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்ற அகம்பாவந்தான் அது. ஒரு நாள் நோட்டு அண்ணாவின் கையில் சிக்கிற்று. பக்கம் பக்கமாகப் புரட்டினார். "கூட்டல் சரியாயிருக்கிறது" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். நான் ஊரைவிட்டுப் புறப்படும் வரையில் அப்புறம் அதிகம் பேசவில்லை.

அந்த மாதத்தில்தான் எங்கள் தமிழாசிரியர் கோயில் திருப்பதிகத்தின் பத்தாம் பாட்டைக் கொடுத்து, மனத்தில் பட்டதை ஒரு பக்கம் எழுதி வரச் சொன்னார். பதிகம் தில்லையில் பாடப்பட்டது. எங்கள் ஊர்ப் பாட்டு அல்ல. மாணிக்கவாசகர் அண்ணாமலைக்கு வந்து பாடியவை திருவெம்பாவையும் திருவம்மானையும் என்பார்கள். அதன் அடையாளமாக அடி அண்ணாமலையில் அவருக்குக் கோயிலும் உண்டு. சிறு வயதில் அங்கே நான் போனதெல்லாம் மார்கழிப் பொங்கலை உத்தேசித்துத்தான்!

பாட்டிலுள்ள விஷயம் ஒரு பண்டமாற்று. இறைவன் தன்னைக் கொடுத்துப் பக்தனை வாங்கிக்கொள்கிறான். இந்த வியாபாரத்தில் சாமர்த்தியசாலி யார் என்று கவி அவனையே கேட்கிறார். எனக்கு எல்லையில்லாத ஆனந்தம் வந்தது, என்னிடம் உனக்கு என்ன கிடைத்தது என்கிறார். கடைசியில், திருப்பிக் கொடுக்கத் தம்மிடம் ஒன்றுமில்லை என்று ஒப்புக்கொள்கிறார்.

இப்படிக் கேட்கிறவர் யார்? பாண்டியனுக்கு மந்திரியாக இருந்தவர். குதிரை வாங்கக் கொடுத்த பணத்தைக் கோயிலுக்குச் செலவிட்டுவிட்டு அரசனிடம் அகப்பட்டுக்கொண்டவர் என்பது வரலாறு. கணக்குத் தெரியாதவர் அல்ல. அப்படிப்பட்டவர் நிலுவையைத் தீர்க்க முடியாது என்று எழுதுகிறார். அதை எழுதும்போது தலை குனியவில்லை. குதூகலிக்கிறார்! 1900-ல், எண்பது வயதில், திருவாசகம் முழுவதையும் ஆங்கிலத்தில் வெளியிட்ட போப் பாதிரியார் இந்த இடத்தில் பேனாவைச் சற்றே கீழே வைத்திருப்பார் என்று எனக்கு ஓர் எண்ணம்.

என் ஒரு பக்கத்தை வாசித்த ஆசிரியர், "பாட்டைப் பற்றி எழுதச் சொன்னால் வீட்டுக் கணக்கை எழுதியிருக்கிறாயே" என்றார். மார்க்கு குறைவுதான்.

அடுத்த பௌர்ணமிக்கு ஊருக்குப் போனேன். அண்ணாவிடம் சொல்ல வேண்டியதை வழி நெடுகிலும் பஸ்ஸில் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். கடையில் ஜனக் கூட்டம் தாங்கவில்லை. "என்னடா நின்றுகொண்டிருக்கிறாய்? டம்ளரைக் கழுவு" என்றார் அண்ணா. பொழுது விடியும் மட்டும் கழுவினேன். ஒத்திகை பார்த்ததில் ஒரு வார்த்தைகூட வாயில் வரவில்லை.

கூட்டம் ஓய்ந்ததும் எனக்கொரு டீ போட்டு நீட்டினார். "இதையும் எழுதிக்கொள்ளடா" என்றார். பிறகு சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. டீ அன்றைக்குக் கொஞ்சம் சூடு அதிகம்.