வேலிக்கு வெளியே

ஊட்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் எதிரே விரியும் அந்த ரேஸ் கோர்ஸ் பசும்பள்ளம் ஐம்பத்திரண்டு ஏக்கருக்குச் சற்று அதிகம். மலையூரில் இவ்வளவு சமதளம் எப்படி வந்தது என்று சின்ன வயதில் அப்பாவைக் கேட்டேன். "அது ஏரிடா" என்றார். விளங்கவில்லை. 1820களில் ஜான் சல்லிவன் அமைத்த ஏரி இப்போதிருப்பதைவிட மிகப் பெரியது, பஸ் ஸ்டாண்டும் ரேஸ் கோர்ஸும் அதன் மடியில்தான் இருக்கின்றன என்று பிறகுதான் தெரிந்தது.

அப்பாவுக்கு இந்து நகர் ஃபிலிம் ஃபேக்டரியில் வேலை. பந்தயத்தில் ஒரு ரூபாய் கட்டியதில்லை. சித்தப்பா நேர் எதிர். ரேஸ் புத்தகம் சட்டைப்பையில் மடிந்தே இருக்கும். ஜெயித்த நாளில் எல்லோருக்கும் பிரியாணி. தோற்றால் வீடுவரை நடராஜா சர்வீஸ். கிண்டியில் பறந்த குதிரை இந்த உயரத்தில் மூச்சு வாங்கும், அதைக் கணிப்பதுதான் வித்தை என்பார். அவர் கணிப்பு பெரும்பாலும் மூச்சு வாங்கியது.

இங்கே 1886 முதலே பந்தயம் நடந்தது. கோடையில் மதராஸ் அரசாங்கமே மலையேறி வந்த காலம் அது. பிறகு மெட்ராஸ் ரேஸ் கிளப் நடத்தியது. சித்திரைப் பிறப்பை ஒட்டி சீசன் தொடங்கும். சென்னையிலும் பெங்களூரிலும் இருந்து குதிரைகள் லாரியில் மலையேறும். விடிகாலைப் பனியில் குதிரை பராமரிக்கும் சைஸ்கள் கம்பளி போர்த்தி அவற்றை நடத்திப்போவார்கள். குதிரைகளுக்கும் கம்பளி இருக்கும், சைஸ்களுடையதைவிட நல்ல கம்பளி.

குதிரைப் பந்தயத்தை ஒழிக்க 1974இல் சட்டம் வந்தது. வழக்கு இழுத்து, 1996இல் உச்ச நீதிமன்றம் இது சூதாட்டமல்ல, திறமை சார்ந்தது என்றது. சித்தப்பா அந்தச் செய்தியைச் சத்தமாகப் படித்தார். "திறமை குதிரைக்கா, உங்களுக்கா?" என்றார் சித்தி.

நான் உள்ளே போனது அபூர்வம். வேலியோரம்தான் எங்கள் இடம். மண்டியில் மூட்டை இறக்கியவர், ஞாயிற்றுக்கிழமைச் சாமான் வாங்க எஸ்டேட்டிலிருந்து வந்த குடும்பம், சவாரி காத்த டிரைவர் எல்லோரும் கம்பியைப் பிடித்து நிற்போம். குளம்புச் சத்தம் நெருங்கும்போது வேலிக்கு உள்ளே நிற்பவனும் வெளியே நிற்பவனும் ஒரே மாதிரிதான் கத்துவான். பொட்டானிக்கல் கார்டனுக்கு டிக்கெட், போட் ஹவுஸுக்கு டிக்கெட். இந்த வேடிக்கைக்கு மட்டும் காசில்லை. கிளப் எங்களுக்காக நடத்தவில்லை என்பது தெரியும். ஆனாலும் ஊர் அதைத் தனதாக்கிக்கொண்டது.

மழை வலுத்தால் அந்தப் பள்ளத்துக்குப் பழைய ஞாபகம் வந்துவிடும். தண்ணீர் தேங்கும். அப்பா சொன்ன ஏரியை அப்போது கண்ணாலேயே பார்க்கலாம்.

கிளப்பின் நிலக் குத்தகை 1978இலேயே முடிந்துவிட்டதாம். வாடகை பாக்கி 822 கோடி என்று சொல்லி, 2024 ஜூனில் வருவாய்த்துறை நிலத்தை மீட்டது. பூங்கா அமைக்கத் தோட்டக்கலைத்துறையிடம் ஒப்படைத்தார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. பாக்கி பாக்கிதான், சித்தப்பாவும் இப்போது இல்லை. ஆனால் கான்கிரீட்டைக் கொட்டித் தண்ணீரின் வழியை அடைக்காதீர்கள். முக்கியமாக, இந்த வாசலிலும் டிக்கெட் கவுண்டர் வைக்காதீர்கள்.