கோட்டுப் பையில் இருந்த சாவி



சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்தபின் நம் சபையின் வாலிபச் சகோதரர் ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். அவர் வேலை செய்யும் நிறுவனம் செலவைக் குறைப்பதற்காக அலுவலகப் பயணங்களை நிறுத்திவிட்டது. ஆண்டு முடிவதற்குள் இன்னும் எட்டு இரவுகள் விடுதியில் தங்கினால்தான் அவருடைய உயர்நிலை உறுப்பினர் தகுதி அடுத்த ஆண்டும் நிலைக்கும். "சொந்தப் பணத்தில் அந்த எட்டு இரவுகளை நிரப்பிவிடலாமா பாஸ்டர்? அது பாவமா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த வாரம் எழுத்திலே பதில் சொல்கிறேன் என்று அவரிடம் சொன்னேன். இதுவே அந்தப் பதில்.

இந்தத் திட்டங்களை அறியாத பெரியவர்களுக்காக முதலில் சில வார்த்தைகள். அடிக்கடி பயணம் செய்கிறவர்களைத் தங்களோடு கட்டிவைக்கும் வழியை 1981ஆம் ஆண்டில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் பெரிய அளவில் தொடங்கியது. 1983ஆம் ஆண்டில் ஹாலிடே இன், மேரியட் ஆகிய விடுதி நிறுவனங்களும் அதே வழியில் நடந்தன. ஓராண்டில் எத்தனை இரவுகள் தங்குகிறோமோ அதற்கேற்ப சில்வர், கோல்டு, பிளாட்டினம் என்று படிகள் உண்டு. மேல்படியில் இருப்பவருக்குப் பெரிய அறை கிடைக்கும். காலைச் சிற்றுண்டி இலவசமாகக் கிடைக்கும். எல்லாரும் நண்பகலுக்குள் அறையைக் காலி செய்யும்போது அவருக்குப் பிற்பகல் நான்கு மணிவரை அவகாசம் உண்டு. ஆனால் ஜனவரி முதல் தேதி வந்ததும் கணக்கு மறுபடியும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். சென்ற ஆண்டின் உழைப்பு சென்ற ஆண்டோடு போயிற்று.

ஊழியத்திற்கு வருமுன் நான் நியூ ஜெர்சியில் குடியிருந்து, கணினித் துறையில் ஆலோசகராக வேலை செய்தேன். திங்கள் அதிகாலையில் நியூவர்க்கில் விமானம் ஏறி, வட கரோலினாவின் சார்லட் நகரத்தில் உள்ள ஒரு வங்கிக்குப் போவேன். வியாழன் இரவு வீடு திரும்புவேன். வாரத்தில் மூன்று இரவுகள் ஒரே விடுதி. வரவேற்பு மேசையில் இருந்தவர்கள் என்னைப் பெயர் சொல்லி அழைப்பார்கள். நான் கேட்குமுன்னே ஐந்தாம் மாடியின் மூலை அறைச் சாவியை எடுத்து வைப்பார்கள். அந்நிய தேசத்தில் என் பெயரைச் சரியாக உச்சரித்த முதல் மனிதர்கள் அவர்களே. அந்த உபசரிப்பு என் இருதயத்தை எவ்வளவாய்ப் பிடித்துக்கொண்டது என்பது அப்பொழுது எனக்குத் தெரியவில்லை.

2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் வங்கி வீழ்ந்தது. அதே வாரத்தில் ஏ.ஐ.ஜி. காப்பீட்டு நிறுவனத்தைக் காப்பாற்ற அரசு 8,500 கோடி டாலர் கடன் அறிவித்தது. சில நாட்களுக்குள் அதன் துணை நிறுவனம் ஒன்று கலிபோர்னியாவின் கடற்கரைச் சொகுசு விடுதியில் 4 லட்சத்து 40 ஆயிரம் டாலருக்கு மேல் செலவிட்டு விருந்துக் கூட்டம் நடத்திய செய்தி வெளியாகி, அமெரிக்க நாடாளுமன்றத்திலேயே விசாரிக்கப்பட்டது. அதன்பின் விடுதிச் செலவு என்றாலே நிறுவனங்கள் அஞ்சின. கூட்டங்கள் ரத்தாயின. 2009இல் அமெரிக்க விடுதிகளில் நூற்றுக்கு ஏறக்குறைய 55 அறைகளே நிரம்பின. என்னுடைய சார்லட் வேலையும் அந்த மார்ச் மாதத்தோடு முடிந்தது. வேலை போகவில்லை, பயணம் மட்டும் நின்றது. அதற்காக நான் கர்த்தரை ஸ்தோத்திரித்திருக்க வேண்டும். நானோ கணக்குப் பார்த்தேன். என் படிக்கு 50 இரவுகள் வேண்டும். கையில் இருந்தது 39.

டிசம்பர் வந்தது. குறைந்த 11 இரவுகளை வாங்குவதென்று தீர்மானித்தேன். பயணிகள் நடுவே இதற்கு 'மேட்ரஸ் ரன்' என்று ஒரு பெயரே உண்டு. தங்கும் தேவை இல்லாமலே, கணக்கை நிரப்புவதற்காக மலிவான அறையை எடுப்பதுதான் அது. எங்கள் வீட்டிலிருந்து இரண்டு மைல் தொலைவில், எடிசன் நகரத்து நெடுஞ்சாலை ஓரத்தில், அதே குழுமத்தின் சிறிய விடுதி ஒன்று இருந்தது. வரியோடு சேர்த்து ஓர் இரவுக்கு 79 டாலர். பதினொரு இரவுகளுக்கு 869 டாலர். அடுத்த ஆண்டு எனக்குப் பயணமே இல்லை. கிடைக்கப்போகிற சலுகைகளை அனுபவிக்கவும் வழியில்லை. இருந்தும் வாங்கினேன். என் பெயருக்குப் பக்கத்தில் இருந்த அந்த ஒரு சொல் போய்விடக் கூடாது என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

டிசம்பர் 10ஆம் தேதி வியாழன் மாலை முதல் அறையை எடுத்தேன். சாவி அட்டையை வாங்கினேன், மேலே சென்று விளக்கைப் போட்டுப் பார்த்தேன், வீட்டுக்கு வந்து என் கட்டிலில் படுத்தேன். மனைவியிடம் சொல்லவில்லை. கடைக்குப் போய் வருகிறேன் என்றே சொல்லியிருந்தேன்.

பிரியமானவர்களே, இப்பொழுது இன்னொரு குடும்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்த ஒரு சகோதரர், அவர் மனைவி, இரண்டு வயதுப் பெண்குழந்தை. அவர் ஹெச்-1பி விசாவில் வேலை செய்தவர். டிசம்பர் தொடக்கத்தில் அவருடைய வேலை போயிற்று. வேலை நின்றால் 60 நாள்வரை தங்கி வேறு வேலை தேடலாம் என்ற விதி 2017ஆம் ஆண்டில்தான் நடைமுறைக்கு வந்தது. அந்நாளில், வேலை நின்றவுடனே அந்தத் தேசத்தில் இருக்கும் உரிமையும் ஆட்டம் கண்டுவிடும். அதற்கும் 'ஸ்டேட்டஸ்' என்றுதான் பெயர். அவர் தம் ஸ்டேட்டஸை இழந்து நின்றார். நான் என் ஸ்டேட்டஸை விலைக்கு வாங்கிக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 13, ஞாயிற்றுக்கிழமை. சபையில் அறிவிப்பு வந்தது. அந்தச் சகோதரர் வெள்ளிக்கிழமை ஊருக்குத் திரும்புகிறார். வாடகை வீட்டைத் திங்களன்று ஒப்படைக்க வேண்டும். நான்கு இரவுகள் தங்க இடம் கொடுக்கக்கூடியவர்கள் ஆராதனை முடிந்தபின் மூப்பரைச் சந்திக்கலாம். எங்கள் வீடு இரண்டே அறைகள். என் மாமியார் ஊரிலிருந்து வந்திருந்தார்கள். ஆகவே நமக்கு இயலாது என்று மனதுக்குள் முடித்துவிட்டேன். அந்தக் குடும்பத்துக்காக ஜெபிக்கும்படி மூப்பர் என்னையே அழைத்தார். நான் எழுந்து நின்று உருக்கமாய் ஜெபித்தேன். கர்த்தர் அவர்களுக்கு ஒரு வாசலைத் திறக்க வேண்டும் என்று கேட்டேன். பலர் ஆமென் சொன்னார்கள்.

அந்த நேரத்தில் விடுதிச் சாவி என் கோட்டுப் பையில் இருந்தது. உயர்நிலை உறுப்பினர் அல்லவா; நான்கு மணிவரை அவகாசம். திங்கள் முதல் வெள்ளிவரை நான்கு இரவுகளுக்கு அடுத்த முன்பதிவும் செய்து வைத்திருந்தேன். வேண்டுமென்று நான் அந்த அறையை மறைக்கவில்லை. அது ஓர் அறை என்பதே என் நினைவுக்கு வரவில்லை. என் கண்ணுக்கு அது கணக்கிலே ஏற வேண்டிய ஓர் எண்ணிக்கையாகவே இருந்தது. இதைத்தான் இன்றும் நான் பயத்தோடு நினைத்துப் பார்க்கிறேன்.

அடுத்த சனிக்கிழமை பெரும்பனி பெய்தது. 20ஆம் தேதி ஆராதனைக்குக் கொஞ்சம் பேரே வந்தார்கள். அந்தக் குடும்பம் ஊர் போய்ச் சேர்ந்த செய்தியோடு, அந்த நான்கு இரவுகளைப் பற்றியும் மூப்பர் சொன்னார். தாயும் பிள்ளையும் ஒரு வீட்டில். அவர் வேறொரு வீட்டின் சோபாவில். பெட்டிகள் மூன்றாவது வீட்டில். அந்தத் தேசத்தில் கடைசியாய் இருந்த நான்கு இரவுகளும் அவர்கள் பிரிந்தே தூங்கினார்கள்.

அன்று மாலை என் கோட்டைத் துவைக்கக் கொடுக்க எடுத்த மனைவி, பையில் கிடந்த சாவி அட்டையைக் கண்டாள். வீட்டிலிருந்து இரண்டு மைலில் உள்ள விடுதி. அவள் முகம் மாறியது. நான் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அதை நம்ப அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது. நம்பியபின் அவள் கோபப்படவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்: "என்னங்க, அப்போ அந்த நாலு ராத்திரியும் அந்தக் கட்டில் காலியாத்தானே கிடந்திருக்கு?"

என்னிடம் பதில் இல்லை. சத்திரத்தில் இடமில்லாமல் போனதைக் குறித்து அடுத்த வாரம் கிறிஸ்துமஸ் செய்தி கேட்கப்போகிற சபையிலே, இடம் என் பையில் இருந்தது. திறக்கச் சொல்லி நான் கர்த்தரிடம் கேட்ட வாசலின் சாவியைக் கர்த்தர் என்னிடமே கொடுத்து வைத்திருந்தார்.

மீதி நான்கு இரவுகளின் முன்பதிவை அன்றே ரத்து செய்தேன். 46 இரவுகளோடு அந்த ஆண்டு முடிந்தது. பிப்ரவரி மாதக் கடைசியில் என் படி இறங்கியது. அடுத்த ஆண்டு ஒருமுறை சார்லட்டில் அதே விடுதிக்குப் போனேன். வரவேற்பு மேசையில் வேறு ஆட்கள். இரண்டாம் மாடியில் அறை கொடுத்தார்கள். நன்றாகத் தூங்கினேன்.

இப்பொழுது அந்த வாலிபச் சகோதரருக்கு என் பதில். தம்பி, நிறுவனம் அனுப்பும் இடத்தில் தங்குவதும், அதனால் வருகிற சலுகையை அனுபவிப்பதும் பாவமல்ல. நெருக்கடிக் காலங்களில் இந்த நிறுவனங்களே இரக்கம் காட்டுவதுபோல் நடப்பதும் உண்டு. 2020இல் பெருந்தொற்று பயணங்களை முடக்கியபோது மேரியட், ஹில்டன், ஹயாத் ஆகியவை உறுப்பினர்களின் தகுதியை 2022ஆம் ஆண்டுவரை நீட்டித்தன. விடுதிகள் காலியாய்க் கிடக்கும்போது, பழைய வாடிக்கையாளர் விலகிப் போகாமல் காப்பது அவர்களுக்குத் தேவை. அது வியாபார ஞானம், அதில் குற்றமில்லை. மேரியட்டில் ஆயுட்கால பிளாட்டினம் என்ற தகுதியும் உண்டு. அதற்கு மொத்தம் 600 இரவுகள் தங்க வேண்டும். பத்து ஆண்டுகள் அந்தப் படியிலோ அதற்கு மேலோ இருக்கவும் வேண்டும். அறுநூறு இரவுகள் என்பது ஒன்றரை ஆண்டுக்கும் அதிகமாய் வீட்டைவிட்டு வெளியே உறங்குவதாகும். அவ்வளவு கொடுத்து வாங்குவதும் இந்த ஆயுளோடு முடிந்துபோகிறது.

எழுபது சீஷர்கள் தங்கள் ஊழியத்தின் வெற்றியைச் சொல்லி மகிழ்ந்து திரும்பியபோது, நம் ஆண்டவர் அவர்களுடைய சந்தோஷத்தை வேறொரு பக்கமாய்த் திருப்பினார். பரலோகத்தில் தங்கள் பெயர் எழுதப்பட்டிருப்பதை எண்ணி மகிழும்படி சொன்னார். லூக்கா பத்தாம் அதிகாரத்தை இந்த வாரம் வாசித்துப் பாருங்கள். அந்தப் பெயர்ப் பதிவு ஜனவரி முதல் தேதியில் பூஜ்யத்துக்குத் திரும்புவதில்லை. நாம் எண்ணி நிரப்பிய இரவுகளால் அது வரவுமில்லை. கல்வாரியில் ஒருவர் தம்மையே கொடுத்ததால் வந்தது. என் பெயர் அங்கே இருக்கிறதென்று நான் உண்மையாய் நம்பியிருந்தால், வரவேற்பு மேசையில் என் பெயரை நிலைநிறுத்த 869 டாலர் கொடுக்கத் துணிந்திருக்க மாட்டேன். சபையில் இருந்த மூன்று பேருடைய பெயர்களும் எனக்கு ஞாபகம் வந்திருக்கும்.

ஆகவே, செலவிடலாமா என்று கேட்குமுன் ஒன்றைச் செய்யுங்கள். நம் சபையில் இந்த மாதம் வேலை இழந்தவர் யார், வாடகைக்குத் தவிப்பவர் யார், அறை தேடுகிறவர் யார் என்று மூப்பரிடம் கேளுங்கள். அதன்பின்னும் அந்த எட்டு இரவுகளை வாங்க உங்களுக்கு மனம் வந்தால், வாங்குங்கள். ஆனால் அந்தக் கட்டில்கள் காலியாய்க் கிடக்க விடாதீர்கள்.

பல ஆண்டுகள் கழித்து அந்த நாகர்கோவில் சகோதரரைத் தொலைபேசியில் அழைத்து, இந்தக் காரியத்தை அறிக்கையிட்டு மன்னிப்புக் கேட்டேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "எனக்கு அதெல்லாம் தெரியாது அண்ணா. அன்னைக்கு நீங்க எங்களுக்காக ஜெபம் பண்ணினீங்க. அதைத்தான் நானும் அவளும் இன்னும் சொல்லிக்கிட்டிருக்கோம்." அவர் என்னை மன்னித்துவிட்டார். அந்த ஜெபத்தை நினைக்கும்போதெல்லாம் என் தலை குனிகிறது.

ஜெபிப்போம்: இரக்கமுள்ள பிதாவே, நாங்கள் எதற்காக உம்மிடம் கேட்கிறோமோ அதை எங்கள் கையிலேயே நீர் வைத்திருந்தால், அதைக் காணும் கண்களைத் தாரும். எங்கள் பெயரை நீர் அறிந்திருப்பது எங்களுக்குப் போதுமானதாய் இருக்கட்டும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.

கர்த்தர் தாமே உங்களையும் உங்கள் வீட்டாரையும் ஆசீர்வதிப்பாராக.