செஞ்சியில் ஒரு சாப்பாடு

சாப்பாட்டில் ஏமாறுவது மனிதராகப் பிறந்த எல்லோருக்கும் நேர்வதுதான். கல்யாண வீட்டில் மூன்றாவது பந்தியில் இடம் கிடைத்து, இலைக்கு முன்னால் உட்கார்ந்த பிறகு, பாயசம் தீர்ந்துவிட்டதென்று கேள்விப்படுவது ஒரு வகை ஏமாற்றம். ரயிலில் "சூடான வடை" என்று கூவக் கேட்டு வாங்கி, அது நேற்றைய வடை என்று கண்டுகொள்வது இன்னொரு வகை. இவையெல்லாம் சாப்பிடுகிறவனுடைய கஷ்டங்கள். வீட்டுக்கு வந்து ஒரு டம்ளர் மோர் குடித்தால் தீர்ந்துபோகும். அடுத்த வாரம் நாலு பேரிடம் வேடிக்கையாகச் சொல்லவும் உதவும்.

ஆனால் அழைத்துக்கொண்டு போகிறவருக்கு ஓர் ஏமாற்றம் உண்டு. அது மோரில் தீராது. "எங்கள் ஊரில் ஒரு கடை இருக்கிறது, வந்து பாருங்கள்" என்று ஆறு மாதமாகச் சொல்லி, வெளியூரிலிருந்து வந்தவரைக் கையைப் பிடித்து அழைத்துப்போய் உட்கார வைத்த பிறகு, வந்து சேருகிற பண்டம் வாயில் வைக்க முடியாமல் இருந்தால் அந்த மனிதர் என்ன செய்வார்? சமைத்தவர் அவர் அல்ல. கடையும் அவருடையதல்ல. ஆனாலும் தலைகுனிவு முழுவதும் அவருக்குத்தான்.

வள்ளுவர் விருந்தோம்பலுக்கென்று ஓர் அதிகாரம் ஒதுக்கியிருக்கிறார். பத்துக் குறளிலும் விருந்து இடுகிறவனைப் பற்றித்தான் பேச்சு. சாப்பாடு நன்றாக இல்லாதபோது விருந்தாளி முகத்தை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்கு ஒரு குறள்கூட இல்லை. அவர் காலத்தில் விருந்தாளியை ஹோட்டலுக்கு அழைத்துப்போகும் வழக்கம் இல்லாதது காரணமாக இருக்கலாம்.

செஞ்சியில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். முப்பத்து நாலு வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். சொந்த ஊர் சீயமங்கலம். என் நாவல் ஒன்றைப் படித்துவிட்டு, "நூற்றுக்கு அறுபத்திரண்டு" என்று மார்க் போட்டு அவர் அனுப்பிய கடிதத்தில் தொடங்கிய சிநேகம் இது. அரை மார்க்கைக்கூடச் சும்மா கொடுக்காதவர் என்று அவருடைய பழைய மாணவர்கள் சொல்வார்கள். மனைவி காலமாகி இரண்டு வருஷம் ஆகிறது. காலையில் இட்லிக் கடை, மத்தியானம் தாமே வடிக்கும் சோறு என்று காலம் தள்ளுகிறார்.

"வீட்டுக்குச் சாப்பிட வாருங்கள் என்று கூப்பிட இப்போது வீட்டில் ஆள் இல்லை. ஆனால் இங்கே ஒரு மிலிட்டரி ஹோட்டல் உண்டு. அங்கே போடும் மிளகுச் சாப்ஸுக்காகவே நீங்கள் ஒரு முறை வரலாம்" என்று எழுதிக்கொண்டே இருந்தார். போன மார்கழியில் போனேன்.

காலையில் கோட்டையைப் பார்த்தோம். 2025 ஜூலையில் யுனெஸ்கோ நிறுவனம் மராட்டியரின் ராணுவக் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில் இருப்பவை. பன்னிரண்டாவது நம் செஞ்சி. ராஜகிரியின் உச்சிக்கு ஏற என் முழங்கால் சம்மதிக்கவில்லை. அடிவாரத்தில் கல்யாண மகாலையும் தானியக் களஞ்சியத்தையும் பார்த்தோம். களஞ்சியத்தின் கனத்த சுவர்களுக்கு நடுவே நின்றுகொண்டு நண்பர் பழைய முற்றுகையின் கணக்கைச் சொன்னார்.

1690-ல் ஜுல்பிகர் கான் மொகலாயப் படையோடு வந்து கோட்டையைச் சூழ்ந்தான். உள்ளே இருந்தவர் சிவாஜியின் மகன் ராஜாராம். கோட்டை விழுந்தது 1698-ல்தான். நடுவில், 1692-ஆம் வருஷக் கடைசியில், சாந்தாஜி, தனாஜி என்ற மராட்டியத் தளபதிகள் இருவர் வெளியிலிருந்து வந்து, மொகலாயப் படைக்குத் தானியம் வரும் வழிகளை அடைத்துவிட்டார்கள். முற்றுகை போட்டவர்களே பட்டினி கிடக்கும்படி ஆயிற்று. 1693 ஜனவரியில் ஜுல்பிகர் கான் சமாதானம் பேசிவிட்டு வந்தவாசிக்குப் பின்வாங்கினான்.

"செஞ்சிக்கு வந்து சாப்பாட்டில் ஏமாந்தவங்க அவங்கதான் சார். நீங்க ஏமாற மாட்டீங்க" என்றார் நண்பர்.

மத்தியானம் அவருடைய ஊருக்குப் போனோம். சீயமங்கலம் திருவண்ணாமலை மாவட்டத்தில், தேசூர் பக்கத்தில் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் பாறையைக் குடைந்து எடுத்த சிவன் கோயில் அங்கே உண்டு. அவனிபாஜன பல்லவேசுவரம் என்பது அதன் பழைய பெயர். பின்னால் வந்தவர்கள் முன்பக்கத்தில் மண்டபங்கள் கட்டியிருப்பதால் குகை உள்ளே அடங்கியிருக்கிறது. அரைத்தூண் ஒன்றின் மேல்பாகத்தில், சிறிய அளவில், சிவன் ஆடுகிறார். தமிழ்நாட்டில் கல்லில் கிடைக்கும் ஆடவல்லான் உருவங்களில் மிகப் பழையவற்றில் ஒன்று அது. அந்த மண்டபத்தில் உட்கார்ந்துதான் நண்பர் சிறு வயதில் வாய்ப்பாடு நெட்டுருப் போட்டாராம்.

குன்றின் மேல் சமணச் சிற்பங்களும் இருக்கின்றன. தமிழ்ச் சமணர்கள் நெடுங்காலமாக வாழும் பிரதேசம் இது. அவர்களுடைய மடம் செஞ்சிக்கு அருகே மேல்சித்தாமூரில் இருக்கிறது. புலால் உண்பதில்லை, பொழுது சாய்ந்த பிறகு எதையும் உண்பதில்லை என்பது அவர்கள் மரபு. ஜீவகாருண்யத்தினால் ஏற்பட்ட விதி. அதில் உண்பவனுக்கும் ஒரு பாதுகாப்பு உண்டு என்பது அன்று ராத்திரி எட்டு மணிக்கு மேல் எனக்குத் தெரிந்தது.

மாமிசச் சாப்பாடு போடும் கடையை மிலிட்டரி ஹோட்டல் என்று சொல்வது தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் பழைய வழக்கம். கோட்டை உள்ள ஊரில் அந்தப் பெயர் இன்னும் பொருத்தம். ஆனால் நண்பர் என்னை நிறுத்திய வாசலில் அந்தப் பெயரையே காணோம். "மல்டி குசீன் ரெஸ்டாரண்ட்" என்று நீல விளக்கில் ஒரு பலகை மின்னியது. உள்ளே குளிர்சாதனம். சுவரில் பழைய முதலாளியின் படம், மாலையோடு. நண்பர் ஒரு நிமிஷம் தயங்கி நின்றார். ஒவ்வொரு மாதமும் சம்பளம் வாங்கிய முதல் சனிக்கிழமை மனைவியோடு அங்கே வருவது அவர் வழக்கமாம். அந்த அம்மாள் போன பிறகு அந்தப் பக்கமே அவர் வரவில்லை. முதலாளி காலமானது தெரியும். கடையும் கூடவே போய்விட்டது தெரியாது.

பதினெட்டுப் பக்கத்துக்கு விலைப் பட்டியல் வந்தது. அரேபிய மந்தி, சீன நூடுல்ஸ், பஞ்சாபித் தந்தூரி, செட்டிநாட்டு வறுவல் எல்லாம் இருந்தன. மிளகுச் சாப்ஸ் இல்லை. பரிமாறுகிற பையன் வடநாட்டவன், தெரிந்த தமிழில் சொன்னான்: "சாப்ஸ் இல்லே சார். மட்டன் ஸ்டேக் இருக்கு. நல்லா போகுது." பட்டியலில் விலை அதிகமானதும் அதுவாகவே இருந்தது. விருந்தாளிக்கு மரியாதை அதில்தான் இருக்கிறது என்று முடிவு செய்த நண்பர் இரண்டு கொண்டுவரச் சொன்னார்.

ஸ்டேக் என்பது ஏழைப் பண்டமல்ல. லண்டனில் 1735-ல் அதற்காகவே ஒரு சங்கம் ஏற்பட்டது. இங்கே ராஜா தேசிங்கு ஆற்காட்டு நவாபின் படையோடு போரிட்டு மடிந்து இருபத்தொரு வருஷம் ஆன சமயம். ஹோகார்த் என்ற பெரிய ஓவியர்கூட அந்தச் சங்கத்தில் சேர்ந்திருந்தார். இறைச்சி சுடும் இரும்புச் சட்டமே அவர்களுக்குச் சின்னம். கனவான்கள் ஒன்றுகூடி, மாட்டிறைச்சித் துண்டத்தைத் தணலில் சுடச் சொல்லி, சூடு ஆறுமுன் தின்றுவிட்டு அரட்டை அடிப்பார்கள்.

அந்தப் பண்டத்துக்கு உயிர், இறைச்சியின் இடத்தில் இருக்கிறது. அதிகம் உழைக்காத தசையாகப் பார்த்து எடுக்க வேண்டும். அது கடுஞ்சூட்டில் சில நிமிஷத்தில் பதமாகும். செஞ்சிப் பாறைகளில் நாள் முழுவதும் ஏறி இறங்கி மேய்ந்த ஆட்டின் தொடை அப்படிப்பட்டதல்ல. அதில் நரம்பும் சவ்வும் அதிகம். கடுந்தீயைக் கண்டால் அது சுருங்கி முறுக்கிக்கொள்ளும். சிறு தீயில், ஈரத்தோடு, மணிக்கணக்கில் வெந்தால்தான் அந்தச் சவ்வு கரைந்து குழையும். நம் பாட்டிமார்கள் விறகை வெளியே இழுத்துவிட்டு, சட்டியை மூடிவைத்துக் காத்திருந்ததற்கு அர்த்தம் இதுதான்.

வந்தது என்னவென்றால், மரப்பலகையின் மேல் இரும்புத் தட்டு, அதன் மேல் புகை, புகைக்குள் ஒரு துண்டம். பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும்படி அது சத்தம் போட்டது. மேலே ஊற்றியிருந்த குழம்பு தித்தித்தது. கத்தி இறங்கவில்லை. நண்பருக்குக் கட்டுப்பல். முதல் துண்டை வாயில் போட்டு, ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, கடைசியில் விழுங்கிவிட்டார். பிறகு அவர் தம் தட்டைப் பார்க்கவே இல்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மென்றேன். நாலு நாள் முற்றுகைக்குத் தாங்கும்படி மென்றேன்.

அப்போது முதலாளியின் மகன் வந்தார். முப்பது வயதிருக்கும். நண்பரைக் கண்டதும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"சார், உங்ககிட்ட எட்டாவது படிச்சேன். சாப்பாடு எப்படி சார் இருக்கு?"

நண்பர் என்னை ஒரு தடவை பார்த்தார். சுவரிலிருந்த படத்தை ஒரு தடவை பார்த்தார். முப்பத்து நாலு வருஷம் அரை மார்க்கைச் சும்மா கொடுக்காத மனிதர், "நல்லா இருக்குப்பா" என்றார்.

அந்த வார்த்தை எதிரில் இருந்த இரும்புத் தட்டைவிட எனக்குக் கனமாகப் பட்டது. நம்மவர்கள் சாப்பிட உட்கார்ந்த இடத்தில் குறை சொல்ல மாட்டார்கள். விருந்தாளி சொன்னால் அழைத்தவருக்கு அவமானம். அழைத்தவர் சொன்னால் விருந்தாளிக்குச் சங்கடம். இருவரும் சொல்லாமல் எழுந்து போகிறோம். கடைக்காரர் நன்றாக இருப்பதாகவே நம்பிக்கொண்டிருக்கிறார்.

ஆனால் நண்பர் அதோடு நிறுத்தவில்லை.

"அப்பா போடற சாப்ஸை ஏம்பா நிறுத்திட்டே?"

"இப்ப யார் சார் அதைக் கேக்கறாங்க? கோட்டை பார்க்க வர்றவங்க போன்ல படம் எடுக்கற மாதிரி ஏதாவது கேக்கறாங்க. ஏ.சி. போட்டதுல கடன் வேற நிக்குது. சாப்ஸ் வேக மூணு மணி நேரம் ஆகும் சார்."

"நான் கேட்டேனேப்பா" என்றார் நண்பர்.

குரலில் கோபம் இல்லை. வகுப்பில் ஒரு பையன் கூட்டலில் ஒரு வரியை விட்டுவிட்டால் சுட்டிக்காட்டுவாரே, அந்தக் குரல். மகன் பதில் சொல்லவில்லை. பில்லுக்குப் பணம் வேண்டாம் என்று எவ்வளவோ மன்றாடினார். "கடன் இருக்குன்னு இப்பத்தானே சொன்னே" என்று நண்பர் முழுப் பணத்தையும் எண்ணி வைத்துவிட்டு வந்தார்.

தெருவில் கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தோம். "தப்பா நினைச்சுக்காதீங்க சார்" என்று அவர் ஆரம்பித்தார். நான் இடைமறித்து, "உங்க வீட்டிலே மோர் இருக்குமா?" என்று கேட்டேன்.

நின்றுவிட்டார். "மோர் இருக்கு. மத்தியானச் சோறு தண்ணி ஊத்தி வெச்சிருக்கேன். நார்த்தங்காய் ஊறுகாய் இருக்கு. அவ போட்டது. கடைசி ஜாடி."

அன்றிரவு பதினோரு மணி வரை அவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம். நண்பர் ஜாடியைச் சாய்த்துச் சாய்த்து எனக்குத்தான் போட்டார். நான் வேண்டாமென்று சொல்லவில்லை.

ஒன்றரை மாதம் கழித்து அவரிடமிருந்து கடிதம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தப் பிள்ளை டிபன் கேரியரோடு வீட்டு வாசலில் வந்து நின்றானாம். தானே சமைத்ததாம். "அவன் அப்பா பக்குவம் வரவில்லை. மிளகு குறைவு, அடுப்பைச் சீக்கிரம் அணைத்துவிட்டான். நூற்றுக்கு நாற்பத்தைந்துதான் போட்டேன். முகம் வாடவில்லை. அடுத்த ஞாயிறும் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறான். அறுபது தாண்டினால் உங்களுக்கு எழுதுகிறேன்" என்று முடித்திருந்தார்.