வக்கீலுக்கு இடம் உண்டு, தல்சிம்முக்கு இல்லை

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 (1991) ஆடின மந்தைவெளிப் பசங்களுக்கு தல்சிம்மைப் பார்த்தா முதல்ல சிரிப்புதான் வரும். கழுத்தில மண்டையோட்டு மாலை, ரப்பர் மாதிரி நீளும் கை கால், வாயைத் திறந்தா நெருப்பு, பின்னாடி வரிசையா யானை. ஜப்பான்காரங்க கற்பனையில இந்தியா அவ்வளவுதான் போல! ஆனாலும் யாராவது ஒருத்தன் அவரைத்தான் எடுப்பான், "நம்மாளுடா"ன்னு.

மார்வெல் ஹீரோக்களும் கேப்காம் ஆட்களும் மோதுற மார்வெல் வெர்சஸ் கேப்காம் 2 (2000) வந்தப்போ, 56 பேர்ல அவரும் இருந்தார். 2011-ல் மூணாவது பாகம்... ஆளைக் காணோம். அதே வருஷக் கடைசியில ஆட்களைக் கூட்டி 'அல்டிமேட்'னு விட்டாங்க. கோர்ட்டில் வாதாடுற ஃபீனிக்ஸ் ரைட் வந்தார். துப்பாக்கி பிடிச்ச ரக்கூன் வந்தது. தல்சிம் வரலை.

நீளும் கையும் நெருப்பும்தானே வேணும், அதான் சூப்பர் ஸ்க்ரல் இருக்காரேன்னு கேட்கலாம். 2017-ல் வந்த 'இன்ஃபினிட்'ல எக்ஸ்-மென் ஒருத்தர்கூட இல்லைன்னு ரசிகர்கள் கொதிச்சப்போ, கேப்காம் தரப்பிலும் இதே கதைதான்: மேக்னீட்டோ செய்றதை நோவாவும் செய்வாராம். அந்தப் பதிலை இணையமே ஓட்டித் தள்ளிச்சு.

அமெரிக்கப் பையனுக்கு வோல்வரின் போனாலும் கேப்டன் அமெரிக்கா மிச்சம். இங்கே இருந்ததே ஒருத்தர், அதுவும் ஒரு கார்ட்டூன் சாமியார். அவர் போனதுக்கு வருத்தப்படவும் கூச்சம், சந்தோஷப்படவும் மனசு வரலை.

2024-ல் பழைய பாகங்களைத் தொகுத்து மறுபடி வெளியிட்டாங்க. இரண்டாம் பாகத்தோட தல்சிம்மும் திரும்பி வந்தார், அதே மண்டையோட்டு மாலையோட.